சீந்தில் கஷாயமும் இன்னொரு சுத்தும்

குழாய் வேலைக்காரர்களுக்குள் அவருக்கு 'இன்னொரு சுத்து' என்று பேர். யார் வைத்தது என்று தெரியாது, ஆனால் வைத்தவன் ஆளை நன்றாகக் கவனித்துத்தான் வைத்திருக்கிறான். குழாயின் திருகு மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றும்போது எல்லோரும் நிறுத்துகிற இடத்தில் அவர் நிறுத்த மாட்டார். அதற்கு மேல் இன்னொரு சுத்து. ரெஞ்சு போட்டு முறுக்கும்போதும் அப்படித்தான். இனி திரும்பாது என்று கைக்குத் தெரிந்த பிறகு, உடம்பின் பாரத்தை எல்லாம் அதன்மேல் போட்டு இன்னொரு சுத்து.

"ஒழுகாதுல்ல?" என்று வீட்டுக்காரர்கள் கேட்டால், "ஒழுகினா கூப்பிடுங்க" என்பார். யாரும் கூப்பிட்டதில்லை. அவர் மாட்டிய குழாய் ஒழுகாது. என்ன, அதைத் திரும்பக் கழற்றவும் முடியாது. பின்னால் அந்த வீட்டுக்குப் போகிற வேலைக்காரன் எவனாவது அரை நாள் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, ரம்பத்தால் அறுத்தெடுத்து, இவரைத் தலைமுறை தலைமுறையாக இழுத்து வைத்துத் திட்டுவான். பிளாஸ்டிக் மரை வந்த பிறகு இவர் முறுக்கிய முறுக்கில் சிலது விரிசல் விட்டதும் உண்டு. கேட்டால், சரக்கு மட்டம் என்று சொல்லிவிடுவார்.

வீட்டிலும் இதே கதைதான். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார், நாலு படி இறங்கிவிட்டு மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்ப்பார். சாப்பிட உட்கார்ந்தால் 'போதும்' என்ற வார்த்தை அவர் வாயில் வராது. மனைவி தானாகப் பார்த்துக் கரண்டியை வைத்தால்தான் உண்டு. அவள் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள், நாள் முழுக்க வலியோடு வருகிறவர்களிடம் பேசிப் பேசிப் பொறுமை பழகியவள். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியிருக்க முடியாது.

இவரை மிரட்ட உலகத்தில் ஒரே ஒரு ஆளால் முடியும். அது அக்கா. இவரைவிட எட்டு வயது மூத்தவள். அம்மா வேலைக்குப் போய்விடுவாள் என்பதால் இவரைக் குளிப்பாட்டி, தலை சீவி, முதுகில் ரெண்டு வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது எல்லாம் அக்காதான். ஒரு லாண்டரியில் இஸ்திரி போடுகிற வேலை. கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, புருஷன் போய்ச் சேர்ந்து, மகளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. அதே லாண்டரி, அதே மேஜை. அவள் வாய்க்கு முதலாளியே கொஞ்சம் ஒதுங்கித்தான் போவார்.

அக்கா வீட்டுச் சமையலறைக் குழாயும் இவர் மாட்டியதுதான். கைப்பிடிக்குக் கீழே தண்டைச் சுற்றி ஒரு நட்டு இருக்கும். அதை இவர் இறுக்கிய இறுக்கில், குழாயைத் திறக்க அக்கா துணியைச் சுற்றிப் பிடித்துத் திருக வேண்டும்.

"உன் குழாயைத் திறக்க ஒரு பயில்வானைச் சம்பளத்துக்கு வைக்கணும்டா."

"சொட்டுதா சொல்லு?"

"தண்ணி வந்தாத்தானே சொட்டுறதுக்கு!"

இந்தப் பேச்சு வருஷக்கணக்காக நடந்தது. அக்காவின் கைக்குப் பலம் இருந்த மட்டும் அது வெறும் கேலியாகவே இருந்தது. அப்புறம் ஒருநாள் இவர் போனபோது தொட்டி ஓரத்தில் ஒரு ஸ்பானர் இருந்தது. குழாயைத் திறக்கத்தான் என்றாள். இவர் அக்காவின் கையைப் பார்த்தார். மணிக்கட்டு ஒட்டிப் போயிருந்தது, கால் மட்டும் வீங்கியிருந்தது. நின்று நின்று வேலை பார்க்கிறதால் வீக்கம் என்று அவள் சொன்னாள். கண் மஞ்சளாக இருப்பதற்கு அவளிடம் ஒரு சமாதானமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஈரல் டாக்டர் ஒரு பெண். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். ஈரல் கல்லாகிப் போயிருக்கிறது என்றார். அக்காவுக்கு மகா கோபம். "ஒரு சொட்டு தொட்டதில்லை டாக்டர் நான். தொட்டவனெல்லாம் தெருவுல ஆடிக்கிட்டுப் போறான்." குடியால் மட்டும் வருவதில்லை, சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து சத்தமில்லாமல் இத்தனை வருஷமாகச் செய்த வேலை இது என்று டாக்டர் விளக்கினார். இனி மருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, வேறு ஈரல் வைக்க வேண்டும், சொந்தக்காரர் யாராவது பாதி கொடுத்தால் நல்லது என்றார்.

அக்கா மகளுக்கு ரத்த வகை ஒத்துவரவில்லை. தம்பிக்கு ஒத்துவந்தது. டாக்டர் அபாயங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் இவர் தலையை ஆட்டிவிட்டார்.

"எவ்வளவு எடுப்பீங்க டாக்டர்?"

"பாதிக்குக் கொஞ்சம் மேல. மிச்சம் இருக்கிறது சில மாசத்துல தானா வளந்துடும்."

"அப்போ கொஞ்சம் கூடவே எடுத்துக்குங்க. நாளைக்குப் பத்தலைன்னு ஆயிடக் கூடாது."

"இது காய்கறிக் கடை இல்லீங்க" என்று டாக்டர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிசோதனைகள் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. நடக்கச் சொன்னார்கள், இவர் சொன்னதைப்போல இரண்டு மடங்கு நடந்தார். எண்ணெயைக் குறைக்கச் சொன்னார்கள், அடியோடு விட்டார். இந்த மாதிரி ஆள் கிடைப்பது அபூர்வம் என்று நர்ஸே சொன்னாள். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அக்கா ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். சீந்தில் கொடியைக் காயவைத்து இடித்த பொடி. ஈரலுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, நாட்டு மருந்துக் கடையில் தனக்காக வாங்கி வைத்திருந்தது.

"எனக்குப் பொடி, பச்சிலை, லேகியம் எதுவும் ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டா. உனக்கு அப்படி ஏதாவது சொன்னாளா?"

"எனக்குச் சொல்லலையே."

"அப்போ நீ குடி. என் ஈரல் கெட்டுப் போச்சு, அதனால எனக்கு ஆகாது. உன்னோடது நல்லா இருக்கு, அதைக் காப்பாத்திக்க வேண்டாமா? ஒரு ஸ்பூன் பொடி, ரெண்டு டம்ளர் தண்ணி, பாதியா வத்தட்டும். காலையில வெறும் வயித்துல ஒரு டம்ளர்." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். "உன்னை வெட்டி எடுத்துட்டு நான் உக்காந்திருக்கப் போறேன். உனக்கு மிச்சம் இருக்கிறதாவது தாங்கணும்டா."

அக்கா இவரிடம் இந்தக் குரலில் பேசியதே இல்லை. அதட்டியிருக்கிறாள், ஏசியிருக்கிறாள், செருப்பைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை துரத்தியிருக்கிறாள். கெஞ்சியதில்லை. மறுநாளே கஷாயம் அடுப்பில் ஏறியது.

மனைவி அக்கா சொன்ன கணக்குப்படி காலையில் ஒரு டம்ளர் கொடுத்தாள். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. இவ்வளவு கசக்கிற சாமான் வேலை செய்யாமல் போகாது என்று இவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நம்பிக்கை வந்தால் இவருக்கு என்ன வரும் என்றுதான் ஊருக்கே தெரியுமே. கொஞ்சம் பொடியைத் தாளில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். வேலை செய்கிற இடத்தில் கொதிக்கவைத்து, பிளாஸ்கில் ஊற்றி, சாயங்காலமும் ஒரு டம்ளர் குடித்தார். ஸ்பூனைத் தட்டாமல் குவியலாக அள்ளினார். இது மனைவிக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

ஆபரேஷனுக்கு முன்னால் கடைசி ரத்தப் பரிசோதனை. வழக்கமாகப் போனில் சொல்கிறவர்கள் நேரில் வரச் சொன்னார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போனார்கள். டாக்டரின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"குடிச்சீங்களா?"

"யாரு, நானா?" மனுஷன் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார்.

"உக்காருங்க. ஈரல் அளவுகள் எல்லாம் தாறுமாறா ஏறியிருக்கு. காய்ச்சல் வந்துதா? வலி மாத்திரை ஏதாவது?"

"ஒண்ணும் இல்லை டாக்டர். மருந்துன்னு எதையும் தொடலை."

பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் அவருக்கு மாத்திரை, ஊசி. கஷாயம் வீட்டு அடுப்பில் காய்வது. அதை எப்படி மருந்துக் கணக்கில் சேர்ப்பது? நோயாளிகளிடம் இதே கேள்வியைத் தினமும் கேட்கிற மனைவிக்குத்தான் சட்டென்று உறைத்தது.

"ஏங்க, கஷாயம்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன கஷாயம்?"

"சீந்தில் பொடி. காலையில ஒரு டம்ளர்தான் டாக்டர்" என்றாள் மனைவி.

இவர் தரையைப் பார்த்தார். "சாயங்காலமும் ஒண்ணு" என்றார். மனைவி திரும்பிப் பார்த்தாள். "பொடியும் கொஞ்சம் கூடத்தான் போட்டேன்."

டாக்டர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. நிறையப் பேர் குடிக்கிறார்கள், பலருக்கு ஒன்றும் ஆவதில்லை, சிலருடைய ஈரல் மட்டும் அதை ஏற்காமல் வீங்கிப் போகிறது என்றார். இதனால்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் வேறு காரணமும் தென்படவில்லை என்றார். தேதியை ரத்து செய்தாயிற்று. அளவுகள் பழையபடி இறங்கினால் ஆபரேஷன். இறங்காவிட்டால் இவரிடமிருந்து எடுக்க முடியாது, வேறு ஆளும் இல்லை. அக்காவுக்கு வயிற்றில் தண்ணீர் கோக்க ஆரம்பித்துவிட்டது, அதிக நாள் பொறுக்க முடியாது.

"சரி டாக்டர், சீக்கிரம் இறங்க நான் என்ன செய்யணும்?"

"சும்மா இருங்க. எதையும் சாப்பிட்டுச் சரிபண்ணப் பார்க்காதீங்க. அதுதான் வைத்தியம்." எழப்போனவர்களிடம் கேட்டார். "யாரு குடுத்தது அந்தப் பொடி?"

"நானேதான் வாங்கினேன்" என்றார் இவர். மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வெளியே வந்ததும் அவர் அவளிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டார். அக்காவுக்குத் தெரியக் கூடாது. தன் கையால் கொடுத்த பொடிதான் தன் ஆபரேஷனை நிறுத்தியது என்று தெரிந்தால், அந்த ஈரலுக்கு முன்னால் மனசே அவளைக் கொன்றுவிடும். மனைவி சம்மதித்தாள். சம்மதிக்காமல் என்ன செய்வாள்?

ஆனால் பொய் சொல்ல இவருக்கு வராது. போனில் அக்கா கேட்டபோது, "ஆபரேஷன் தியேட்டர்ல குழாய் ஒழுகுதாம்க்கா, அதான் தள்ளிப் போட்டுட்டாங்க" என்றார். வாயில் வந்தது அதுதான்.

"அதுக்கு நீ போய்ச் சரிபண்ணிக் குடுக்க வேண்டியதுதானே?"

"அங்க வேற ஆள் வச்சிருக்காங்க."

"உன்னைவிட இறுக்குற ஆள் எவன் இருக்கான்? போய்க் கேளுடா."

வேலை இல்லாத அந்த நாட்களில் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதைத்தான் அவருக்குச் செய்யத் தெரியாது. சும்மா இருப்பதில் இன்னொரு சுத்து சுற்றுவது எப்படி என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் இருக்கிற எல்லாக் குழாய்களையும் இறுக்கிவிட்டார். ஜன்னல் கொக்கிகளை இறுக்கினார். மனைவி ஸ்பானரைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

கஷாயத்தை நிறுத்திய பிறகு முதலில் எடுத்த ரத்தத்தில் அளவு இறங்கியிருந்தது, ஆனால் போதவில்லை. இன்னொரு தடவை பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்கள். அதற்கு முந்தின நாள், மனைவிக்கு லீவு, மத்தியானம் கதவு தட்டப்பட்டது.

அக்கா நின்றுகொண்டிருந்தாள். மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது, முகம் மஞ்சள் தேய்த்து வைத்தது போல இருந்தது. கையில் புது டப்பா.

"பொடி தீந்துடுச்சுன்னு உன் பொண்டாட்டி சொன்னா. வாங்கிட்டு வந்தேன்."

மனைவி இவரைப் பார்த்தாள். அக்கா தினமும் போன் போட்டு, கஷாயம் குடித்தானா, குடித்தானா என்று குடைந்ததில், தீர்ந்துவிட்டது என்று இவள் சொல்லித் தப்பித்திருக்கிறாள். தப்பித்த வழி இப்போது மூன்று மாடி ஏறி வந்து நிற்கிறது.

"உக்காருங்க அண்ணி, நான் போட்டுக் குடுத்துக்கிறேன்."

"நீ போட வேண்டாம். நீ தண்ணியா காய்ச்சுறே. நானே போடுறேன்."

அக்கா சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறக்க முடியவில்லை. இவர் போய்த் திறந்துவிட்டார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்புப் பக்கத்திலேயே நின்றாள், தண்ணீர் பாதியாக வற்றுகிற வரைக்கும் உட்காரவில்லை. வடிகட்டி, ஆற்றி, டம்ளரைக் கொண்டுவந்து தம்பியின் கையில் கொடுத்தாள். 

"குடி. நான் பாக்கணும்."

டம்ளர் வாய் வரைக்கும் போனது. அந்தக் கசப்பு வாசனை மூக்கில் ஏறியது. அக்கா கொடுத்த எதையும் இவர் வேண்டாம் என்று சொன்னதில்லை, அடி உட்பட. ஒரே ஒரு டம்ளர். குடித்துவிட்டால் அக்கா நிம்மதியாகப் போய்விடுவாள். நாளைக்குக் காலையில் ரத்தம் எடுப்பார்கள். மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் கண் டம்ளரைவிட்டு நகரவில்லை.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"போதும்க்கா."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. "என்ன போதும்? இன்னும் வாயிலயே வைக்கலை."

"போதும்."

இந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது ஊட்டியவள் அவள், பேச்சு வந்த பிறகும் கேட்டதில்லை. அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள், தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். மெல்லச் சுவரோடு சரிந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தியேட்டர்ல குழாய் ஒழுகலை" என்றாள்.

இவர் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"இதனாலயாடா?"

"தெரியலைன்னுதான் டாக்டர் சொன்னாங்க."

"நான் குடுத்ததாலயா?"

"நீ ஒரு டம்ளர்தான்க்கா சொன்னே" என்றார். "இன்னொரு சுத்து நான் சுத்தினது."

அழ வேண்டியவள் அக்கா. அழுதது இவர். நாற்பத்தெட்டு வயது ஆள், ரெஞ்சு பிடித்துக் காய்த்துப்போன கையால் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி அழுதார்.  அக்கா கையை நீட்டி அவர் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பலமில்லாத குட்டு.

"கூறுகெட்டவனே. எல்லாத்தையும் மரைன்னு நெனச்சியா?"

எழுந்து, டம்ளரை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டினாள். கழுவக் குழாயைத் திறக்கப் பார்த்து, முடியாமல், அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். "நாளைக்கு எத்தனை மணிக்கு ரத்தம் எடுக்குறாங்க?" என்று தம்பி மனைவியிடம் கேட்டாள். "நானும் வரேன்."

அளவுகள் இறங்கியிருந்தன. இறங்கியது போதுமா என்று டாக்டர்கள் இரண்டு நாள் கூடிப் பேசி, போதும் என்றார்கள். ஆபரேஷன் அன்றைக்குத் தம்பியைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா டாக்டரைக் கூப்பிட்டு, "உள்ள போனதும் கொஞ்சம் கூட எடுத்துக்குங்கன்னு சொல்லுவான், காதுல வாங்காதீங்க" என்றாள். அவளுக்கு ஆபரேஷன் முடிய நேரம் அதிகம் ஆனது, இரண்டாம் நாள் ஒரு தடவை மோசமாகி மீண்டாள். கண் வெளுக்கக் கொஞ்ச நாள் பிடித்தது. வாய் அதற்கு முன்னாலேயே பழைய நிலைக்கு வந்துவிட்டதாக நர்ஸுகள் சொன்னார்கள்.

அந்தப் புது டப்பா இவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. மனைவி ஒருநாள் எடுத்துப் பார்த்தாள், பொடியைக் கொட்டிவிட்டு டப்பாவை வைத்துக்கொள்ளலாம் என்று. மூடியை அன்றைக்கு இவர் இறுக்கி மூடியிருக்கிறார். இதுவரை யாராலும் திறக்க முடியவில்லை.

கனமானதைத் தூக்கக் கூடாது என்று அவருக்கும் சில மாதம் தடை. ரெஞ்சு பிடிக்கலாம் என்று சொன்ன வாரத்தில் அக்கா வீட்டுக்குப் போனார். தொட்டி ஓரத்தில் அந்த ஸ்பானர் அப்படியே இருந்தது. அதை எடுத்து, குழாய்த் தண்டில் இருக்கிற நட்டைத் தளர்த்தினார். தன் கையால் இறுக்கியது, அவரையே வியர்க்க வைத்தது. ஒருவழியாக அசைந்துகொடுத்தது.

"இப்போ திறந்து பாரு."

அக்கா இரண்டு விரலால் திருகினாள். தண்ணீர் வந்தது. மூடினாள், நின்றது. மறுபடி திறந்தாள், மூடினாள். சும்மாவே நாலைந்து தடவை திறந்து மூடினாள். தண்டுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு திரண்டு, கொஞ்ச நேரம் தொங்கி, விழுந்தது. இன்னொன்று திரண்டது.

இவர் கை ஸ்பானருக்குப் போனது.

"வை கீழ."

"ஒழுகுதுக்கா. இன்னும் ஒரு..."

"ஒழுகட்டும்டா. அதையாவது விடு." அக்கா ஒரு டம்ளரை எடுத்துச் சொட்டுக்குக் கீழே வைத்தாள். "வந்து உக்காரு."

அவர் ஸ்பானரைத் தொட்டி ஓரத்தில் வைத்தார். அடுத்த சொட்டு டம்ளரில் விழுகிற சத்தம் கேட்டது. வந்து உட்கார்ந்தார்.